அண்ணை பெயர்த்த பலகைகள்

எங்கள் அண்ணை யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவில் பிறந்தவர். எண்பதுகளில் எங்கள் வீடு கூரையோடு எரிந்து விழுந்ததை வேலிக்கு அப்பால் நின்று பார்த்தவர். நான் அப்போது கொழும்பில் படிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் லண்டன் வந்து, பெட்ரோல் நிலையத்தில் இரட்டை ஷிப்ட் செய்து, என்னையும் கூப்பிட்டார். அவர் செய்த ஒரே பிழை அதுதான் என்பார் அண்ணி.

ரெய்னர்ஸ் லேனில் அண்ணை வாங்கிய வீட்டின் பின்னால் ரயில்பாதை மேடு. வீட்டோடு ஒட்டி நான் பலகையில் ஒரு தளம், இங்கத்தையார் சொல்லும் டெக், அடித்தேன். ஆணி நேராக இறங்கிய இடங்கள் குறைவு. மிளகாய் பொரிக்கும் மணம் வீட்டுக்குள் தொங்கும் கோட்டுகளில் ஏறக்கூடாதென்று, காஸ் அடுப்பைச் சுவரோரமாக அந்த மரத்தளத்திலேயே வைத்தேன். அன்றிலிருந்து அண்ணைக்கு நித்திரை இல்லாமல் போனது.

"டேய், நீ அடிச்சு வச்சிருக்கிறது விறகு. மேட்டில புல்லுக் காஞ்சு கிடக்குது. ஒரு பொறி போதும்."

"லண்டன் மழைக்குப் புல்லு எங்க அண்ணை காயுறது?"

"சிரி, சிரி. வீடு எரிஞ்சதை நான் பாத்தனான். நீ பாக்கேல்லை."

சுவரோரப் பலகைகளைப் பெயர்த்துச் சீமெந்துக் கற்கள் பதித்தார். அடுப்பைத் தோட்டத்து நடுவே வைத்தார். தளத்தின் கீழே சருகு புகாமல் கம்பிவலை அடித்தார். கோடையில் கிழமைதோறும் குப்புறப் படுத்து இடுக்குகளைக் கிண்டினார். "அண்ணை பலகைக்குப் பேன் பாக்கிறார்" என்று வருவோருக்கெல்லாம் காட்டினேன்.

தொண்ணூறுகளில், மழையே இல்லாத ஒரு கோடையில், மத்தியானம் மேட்டுப் புல் பற்றியது. பொறிகள் வேலிக்கு மேலால் வந்து டெக்கின் வேலிப்பக்கத் தொங்கலில் விழுந்தன. நெருப்புப் பலகை பலகையாக வீட்டை நோக்கி வந்தது. உள்ளே அண்ணியும் கைக்குழந்தையான மகளும். அண்ணை குழாயைப் பிடித்து அடித்த தண்ணீரில் பாதி என் மேல்தான் விழுந்தது. கற்களுக்கு வந்ததும் நெருப்பு நின்றது. அயலவர்கள் வாளிகளோடு வேலி ஏறி வந்து மிச்சத்தை அணைத்தார்கள். அதன்பிறகு நான் பேன் கதை சொன்னதில்லை.

அண்ணையின் கடைசிக் கிழமையில், ஆஸ்பத்திரியில் மூச்சுவிட ஏலாமல் கிடந்தும், "சருகு கூட்டினனியோ?" என்று கேட்டார். ஓம் என்று பொய் சொன்னேன்.

வேலி ஏறி வந்த அயலவருக்கும், அண்ணையைப் பராமரித்த தாதியருக்கும், கிரியைகளில் கூட நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. ஒருவருக்கு மட்டும் நான் தனியாக நன்றி சொல்லவேண்டும். அண்ணைக்கு ஆண்பிள்ளை இல்லாததால், தகனசாலையில் பொத்தானை அழுத்தும் கடமை எனக்கு வந்தது. வாழ்நாளெல்லாம் நெருப்புக்குப் பயந்தவரை அதற்குள் அனுப்ப விரல் வரவில்லை. பின்னால் எல்லோரும் காத்து நின்றார்கள். அண்ணி வந்து என் கையின் மேல் கை வைத்தார்.

"அமத்துங்கோ தம்பி. நானும் பிடிக்கிறன்."

இருவருமாக அழுத்தினோம்.