லிப்பு தொங்கவிடாத கறுப்புத் துணி

லிப்பு என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் முதலில் பல்புதான் ஞாபகம் வரும். ஆகஸ்டு திருவிழாவுக்குக் கோயில் முகப்பு, மணிக்கூண்டு, உச்சிச் சிலுவை என்று ஓர் இடம் விடாமல் பல்பு கட்டுகிறவன் அவன்தான். பகலில் துறைமுகத்தில் மின்வேலை, சாயங்காலமானால் திருவிழாவுக்கு வாத்தியம் வாசிக்கிற பேண்டு கிளப்பின் சாமான் அறை. அந்த அறைச் சாவி அவன் இடுப்பில் தொங்கும். கல்யாணத்தன்றும் தொங்கியது என்று அவன் மனைவி சல்வினா சொல்வாள். எதிர்வீட்டில் மளிகைக்கடை வைத்திருக்கிற நான் அதைக் கண்ணால் பார்த்தவள். சொன்னது பொய்யில்லை.

மால்டாவில் ஊருக்கு ஊர் இருப்பதுபோல எங்கள் ஊரிலும் பேண்டு கிளப் இரண்டு. புனிதர் ஒருவர், கோயில் ஒன்று, பகை மட்டும் இரண்டு பங்கு. திருவிழா வாரத்தில் நம் ஆள் வீட்டு முகப்பில் ஒரு பல்பு எரியாவிட்டால் எதிர்க் கிளப்காரர்கள் அடுத்த திருவிழா வரை சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் தெருவில் யாராவது பல்பு கட்டச் சோம்பேறித்தனப்பட்டால் லிப்பு கதவைத் தட்டிக் கேட்பான். என் கதவையும் தட்டியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு டப்பா தக்காளியை அவன் தலையில் போட்டிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் அவனே ஏணியோடு வந்து கட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். அவனை வெறுக்கவும் முடியாது.

சல்வினாவுக்கு நரம்பில் ஏதோ கோளாறு. ஈரம் ஏறிய குளிர்காலத்தில் படுத்தால் கால்கள் இரண்டும் தானாக இழுத்து முறுக்கிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். லிப்பு பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருப்பான். ஒருமுறை அவளுடைய சிநேகிதி கொஞ்சம் கஞ்சாப் பூ கொண்டுவந்து கொடுத்தாள். அன்று சல்வினா விடியும் வரை தூங்கினாள். மருந்துக்கடையில் சீட்டுக் காட்டி வாங்கலாம்தான், ஆனால் அந்த விலையைக் கேட்டதும் அவளுக்கு வயிறு எரிந்துவிட்டது. வீட்டில் செடி வளர்க்கச் சட்டமே இடம் கொடுத்த பிறகு யாரோ வைத்த விலைக்கு நான் ஏன் வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். தெருவிலிருந்து யார் கண்ணிலும் படக்கூடாது என்பது சட்டம். ஆகவே வீட்டுக்குள், விளக்கு வெளிச்சத்தில். ஒரே ஒரு செடி. அடுத்த குளிர்காலத்துக்குள் பூ கைக்கு வந்துவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

விளக்கு என்றதும் லிப்பு துள்ளிக் குதித்தான். மாடியில் தெருப்பக்கத்து அறையில், கண்ணாடி வைத்த மரக் கூண்டு பால்கனிக்குப் பின்னால், சுவரோடு சேர்ந்த பழைய துணி அலமாரி ஒன்று. அதன் தட்டுகளைக் கழற்றி, உள்ளே வெள்ளைப் பெயிண்ட் அடித்தான். முதலில் திருவிழாவில் மிஞ்சிய சிவப்பு, பச்சை பல்புகளை மாட்டிவிட்டு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினான். செடிக்குக் கச்சேரியா நடக்கிறது என்று சல்வினா கேட்டாள். அதைக் கழற்றிவிட்டு, வீட்டில் எரிகிற சாதாரண வெள்ளை எல்இடி பல்புகளை ஒரு மரச்சட்டத்தில் வரிசையாக மாட்டி, ஏற்றி இறக்கச் சங்கிலி வைத்தான். காற்றுக்கு உடைந்த கம்ப்யூட்டரின் குட்டி விசிறி. நேரத்துக்குத் தானாக அணைய ஒரு டைமர். அவன் கைப்பணம் அதிகம் கரையவில்லை.

விளக்கை அவன் கோயில் கோபுரம் மாதிரி உயரத்தில் கட்டிவிட்டதால் முளை வெளிச்சத்தைத் தேடி நூலாக நீண்டு சாய்ந்துவிட்டது. கீழே இறக்கு என்றாள் சல்வினா. எவ்வளவு இறக்குவது என்று பார்க்க அவளே பல்புக்கடியில் புறங்கையை நீட்டி வைத்துக்கொள்வாள். கை சுட்டால் இலையும் சுடும். அதன் பிறகு செடி குட்டையாக, அகலமாக, நன்றாக எழுந்தது. கடைக்குச் சாமான் வாங்க வந்தாலும் அவளுக்குச் செடிப் பேச்சுதான்.

ஜூலையில் அதைப் பூக்க விட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதற்குப் பாதி நாள் வெளிச்சம், பாதி நாள் இருட்டு. இருட்டு என்றால் இடையில் வெளிச்சம் பட்டுவிடாத முழு இருட்டு. விதை விற்றவன் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தான். சாயங்காலம் விளக்கு அணைந்தால் காலை வரை யாரும் கதவைத் திறக்கக்கூடாது. லிப்புவுக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. வெளிச்சம் அதிகமானால் பூவும் அதிகமாகத்தானே வரும் என்று வாதம் செய்தான்.

"நீ வெளிச்சத்தோடயே பொறந்தவன்டா. இருட்டுன்னா உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் சல்வினா.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஆகஸ்டு வந்தது. பூ மொட்டு விட்டு, அந்த அறையைத் தாண்டி மாடிப்படி வரை வாசனை இறங்கியிருந்தது. திருவிழா வாரம் நெருங்கியதும் சல்வினா ஒரு விஷயத்தைக் கவனித்தாள். அலமாரியின் ஒரு கதவு வளைந்து, கீழே விரல் நுழைகிற இடைவெளி. பால்கனிக்கு வெளியே திருவிழா பல்பு எரிந்தால் மரச்சட்டங்கள் வழியாக அறை முழுக்க வெளிச்சம் வரும், அங்கிருந்து அலமாரிக்குள்ளும் போகும். இந்த ஒரு வருஷம் நம் வீட்டுக்குப் பல்பு வேண்டாமே என்றாள்.

லிப்பு தலையாட்டி மறுத்தானாம். ஊர் வீடுகளையெல்லாம் தட்டிக் கேட்டவன் வீடு இருட்டாகக் கிடப்பதா? அந்தக் கிளப்காரர்கள் பாட்டுக் கட்டிவிடுவார்களே. முடியாது என்றான்.

சரி, அப்படியானால் பால்கனிக் கண்ணாடிக்கு உள்பக்கம் கறுப்புத் துணி கட்டு என்றாள். கறுப்புத் துணி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சாமான் அறையில், பெரிய வெள்ளிக்குத் துக்கமாகச் சுரூபங்களையும் பீடத்தையும் மூடுகிற கனத்த துணி மூட்டை மூட்டையாக இருக்கிறது. கண்ணுக்கெதிரே விளக்கைப் பிடித்தாலும் அந்தப் பக்கம் தெரியாது. சாவியும் அவன் இடுப்பில்தான்.

அந்த வாரம் சல்வினா கடை வரை நடக்க முடியாமல் படுத்திருந்தாள், அதனால் அன்று நான் அவர்கள் வீட்டில் சோப்பும் எண்ணெயும் இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். லிப்பு இடுப்புச் சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"சாவுத் துணிய வீட்டுக்குள்ள கொண்டு வரச் சொல்றியா? அதுவும் திருவிழா வாரத்துல? நீ இப்பிடிப் படுத்திருக்கிறப்ப?"

"துணிதானேடா. அது என்னைக் கடிக்கவா போகுது?"

"நான் கொண்டு வர மாட்டேன்."

அதோடு பேச்சை முடித்துவிட்டான். வேறு கறுப்புத் துணி வாங்க எனக்குத் தோன்றியது, சொல்லவும் சொன்னேன். வீட்டில் கறுப்பே வேண்டாம் என்று என்மேல் எரிந்து விழுந்தான். அவளை இழந்துவிடுவோமோ என்ற பயம் அவனுக்கு எந்நேரமும் இருந்தது. அதற்கு அவன் கறுப்பு என்று பெயர் வைத்துக்கொண்டான். கடைசியில் திருவிழாவுக்கு உள்ளே தொங்கவிடுகிற சிவப்புப் பட்டுத் துணியையும், அதற்குப் பின்னால் ஒரு படுக்கை விரிப்பையும் கட்டினான். நான்கு நாள் சாயங்காலமும் அவன் வீட்டு முகப்பு தெருவிலேயே பிரகாசமாக எரிந்தது. பேண்டு அவன் வாசலில் நின்று நீளமாக வாசித்தது. சல்வினாவை நாற்காலியோடு பால்கனிக்குத் தூக்கி வந்து உட்கார வைத்தான். அவள் கீழே இருந்தவர்களைப் பார்த்துக் கையசைத்தாள். அடிக்கடி பின்னால் திரும்பி அந்த அறையையும் பார்த்தாள்.

திருவிழா முடிந்து சில வாரங்களில் பூவுக்கு நடுவே மஞ்சளாக, குட்டி வாழைச்சீப்பு போல ஏதோ எட்டிப் பார்த்தது. பெண் செடியில் ஆண் பூ. இருட்டு கலைந்தால் சில செடிகள் அப்படித்தான் குழம்பிவிடுமாம். லிப்பு அதைப் பார்த்துவிட்டுப் புது மொட்டு என்று சந்தோஷப்பட்டான். அக்டோபரில் அறுத்து உலர்த்தியபோது சல்வினா ஒரு பூவை நகத்தால் பிளந்தாள். உள்ளே விதை. அடுத்ததிலும் விதை. பூவெல்லாம் பதராகி, மருந்துக்கு உதவாத விதைப்பை மட்டும்தான் மிச்சம்.

அவள் அழுதிருந்தாலாவது அவன் தாங்கியிருப்பான். மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டே லிப்பு. எனக்கு ஒரு அலமாரி அளவு இருட்டு போட முடியல உன்னால."

பிறகு அவளே அவன் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, விதைகளைப் பொறுக்கி ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள்.

அந்தக் குளிர்காலம் மழை விடாமல் பெய்தது. சுண்ணாம்புக் கல் சுவரில் கையை வைத்தால் ஈரம் ஒட்டும். மருந்துக்கடைப் பூவை வாங்கி வரலாம் என்று லிப்பு இப்போது கெஞ்சினான். போய்ப் பார்த்தால் கையிருப்பு இல்லை, வரும்போது வரும் என்றார்கள். அவள் கால் இழுக்கும்போதெல்லாம் அவன் பிடித்துக்கொண்டிருந்தான். விடிந்ததும் கடைக்கு வந்து பால் வாங்குவான், கண் இரண்டும் சிவந்திருக்கும். பிப்ரவரியில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது, போய்விட்டாள். அந்தப் பூ இருந்திருந்தாலும் போயிருப்பாள், டாக்டரே சொன்னார். ஆனால் அந்த மூன்று மாதத்தைத் தூங்கிக் கழித்திருப்பாள். அதை நினைத்தால் எனக்கே தாங்கவில்லை. அவன் எப்படித் தாங்குகிறான் என்று நான் கேட்டதில்லை.

இந்த வருஷம் லிப்பு வழக்கம்போலக் கோயிலுக்குப் பல்பு கட்டினான். தெருவில் எல்லார் வீட்டுக்கும் கட்டினான். யார் கதவையும் தட்டிக் கோபித்துக்கொள்ளவில்லை. தன் வீட்டை மட்டும் விட்டுவிட்டான். பால்கனியின் கண்ணாடி முழுக்க உள்ளே கறுப்புத் துணி. பெரிய வெள்ளித் துணி. துக்க வீட்டில் அந்த வருஷம் விளக்கு வைப்பதில்லை என்பது எங்கள் வழக்கம், ஆகவே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கிளப்காரர்கள்கூட அந்த வீட்டைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்றினார்கள்.

திருவிழாவன்று மதியம் பஸ்திட்சி என்கிற பாலாடைக்கட்டிப் பலகாரம் கொடுக்கப் போனேன். வா ரோசி என்று மாடிக்குக் கூட்டிப் போய் அலமாரியைத் திறந்தான். அதே பல்பு வரிசை, அதே சங்கிலி. டப்பாவில் சல்வினா போட்டு வைத்த விதையில் முளைத்த செடி. கொத்துக் கொத்தாகப் பூ, ஒரு மஞ்சள் பூகூட இல்லை. வளைந்த கதவுக்கு அடியில் பழைய கம்பளியைச் சுருட்டித் திணித்திருந்தான். அவன் புறங்கையைப் பல்புக்கடியில் நீட்டிச் சூடு பார்த்தான். அவள் செய்ததை அப்படியே செய்தான். யாருக்கு இதெல்லாம் என்று கேட்க வாய் வரை வந்தது. பஸ்திட்சியைப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினேன்.

சாயங்காலம் அவன் என் கடை வாசலில் வந்து நின்றுகொண்டான். பேண்டு தெருவுக்குள் நுழைந்தது. அவன் வீட்டெதிரே வந்ததும் தலைவர் கையைக் காட்ட, வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் நடந்தார்கள்.

"துக்கத்துக்கு மரியாதை பண்றாங்க" என்றான் லிப்பு.

"துக்கம்தானே" என்றேன்.

"துக்கம்தான் ரோசி. ஆனா இந்தத் துணி போன வருஷம் தொங்கியிருக்கணும்."

பேண்டு மூலை திரும்பி மறுபடி வாசிக்க ஆரம்பித்தது. அவன் மேலே பார்த்துக்கொண்டே நின்றான்.