பிளீச்சிங் பவுடர் தூவிய கை

எங்கள் தெருமுனையில் மூடிக் கிடக்கும் கேஸ் ஸ்டேஷனுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஓர் ஆள் வந்து மண்ணுக்குச் சாப்பாடு போடுகிறார். அமெரிக்காவில் பெட்ரோல் பங்கைக் கேஸ் ஸ்டேஷன் என்றுதான் சொல்கிறார்கள். பூமிக்கடியில் இருந்த தொட்டி ஒழுகி, நிலத்தடி நீரில் பெட்ரோல் கலந்துவிட்டதாம். தொட்டியைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். மிச்சத்தைத் தின்ன மண்ணிலேயே நுண்ணுயிர்கள் உண்டாம். அவற்றுக்குக் குழாய் வழியே காற்றும் உரமும் போகின்றன. மகள் காவ்யாவைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் வழி அது. பயத்தில், "பிளீச்சிங் எப்போது போடுவீர்கள்?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் பதறிவிட்டார். "அதனால் பெட்ரோல் போகாது. என் வேலையாட்கள்தான் செத்துப்போவார்கள்!" வேலையாட்கள் என்று அவர் சொன்னது கிருமிகளை என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. 

சென்னைக்கு வெளியே சென்னீர்குப்பத்தில் நாங்கள் முன்பு குடியிருந்த போர்ஷனுக்குப் பின்னால் கிணறு. அடுத்த மனையில் பெட்ரோல் பங்க். காவ்யா கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் வாளித் தண்ணீரில் வானவில் நிறங்கள் மிதந்தன. முகர்ந்தால் பெட்ரோல். பங்கில் போய்க் கேட்டேன். "லாரி போற ரோடும்மா. நாத்தம் இல்லாம மல்லிப்பூவா மணக்கும்?" என்றார் அங்கிருந்தவர். நான் விலங்கியல் படித்தவள்தான்; இருந்தும் தண்ணீர் கெட்டால் கிருமி, கிருமி என்றால் கொல்ல வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது. வெள்ளிதோறும் கிணற்றில் இரண்டு கை பிளீச்சிங் பவுடர் தூவினேன். அதன் நெடியில் பெட்ரோல் வாடை அமுங்கியது. சுத்தமாகிவிட்டது என்று நம்பி, காய்ச்சி, குழந்தைக்குப் பால்மாவு கரைத்தேன். அவள் உடம்பில் வந்த தடிப்பு அதனால்தானா? யாரைக் கேட்பது? அமெரிக்கா கிளம்பும்போது, அங்கே குடிவந்த என் நாத்தனார் செல்விக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். இப்போது அவளுக்கு ஏழு மாதக் குழந்தை.

வீட்டுக்கார சரோஜாம்மாவின் எண்ணுக்குப் போன் செய்தேன்.

"இன்னாம்மா, நல்லா கீறியா?"

"செல்விய அந்தக் கெணத்துத் தண்ணி குடிக்க வேணாம்னு சொல்லுங்கம்மா. பிளீச்சிங்கும் வேணாம்."

"நீதான மூட்டை மூட்டையா வாங்கியாந்து கொட்டிகினு இருந்த? அமெரிக்கா போனதும் கிருமி மேல பாசம் வந்துட்ச்சா?" என்று சிரித்துவிட்டு, செல்வியைக் கூப்பிட்டார்.

"அண்ணி, நீங்க சொன்ன மாதிரியேதான் போடறேன். ஒரு வெள்ளிகூட விடல."

"போடாத செல்வி. பாப்பாவுக்கு லாரித் தண்ணி புடி."

"லாரி வாரத்துக்கு ஒரு தபாதான் வருது. காவ்யாவ நீங்க இதே தண்ணியிலதான வளத்தீங்க?"

"காய்ச்சியாவது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். காய்ச்சினால் போதும் என்று சொன்னவளும் நான்தான். பிறகு இரண்டு கடிதம் எழுதினேன். பதிலில் குழந்தைக்குப் பல் முளைத்த செய்தி இருந்தது. தண்ணீரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இங்கே மூடிய பங்கின் மண்ணுக்கு இத்தனை உபசாரம். அங்கே ஒரு குழந்தை குடிக்கும் தண்ணீருக்கு என் பேச்சைத் தவிர வேறு நாதியில்லை. அந்தப் பேச்சையும் நானே முன்பு கெடுத்து வைத்திருக்கிறேன்.

இன்று வெள்ளி. காலையில் அந்த ஆள் குழாய் மூடியைத் திறந்து உரம் ஊற்றிக்கொண்டிருந்தார். காவ்யா அவருக்குக் கையாட்டினாள்; நானும் ஆட்டினேன். சென்னீர்குப்பத்தில் அப்போது வெள்ளி சாயங்காலம். அங்கே என் கை கிணற்றில் பவுடர் தூவி முடித்திருக்கும்.