நாய்க்குட்டி உயரத்தில் ஒரு வீடு

நாய்க்குட்டி வருவதற்கு முன்னால் வீட்டை அதன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. வாசல் கதவைச் சாத்தாமலே முட்டி போட்டு, கைகளை ஊன்றி, கூடத்திலிருந்து சமையலறைவரை தவழ்ந்தேன். மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு வேலைக்கு வந்து, இந்த வாடகை வீட்டில் இத்தனை வருஷம் குடியிருந்தும், அதன் கீழ்ப்பாதியை நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மேசைக்கு அடியில் மகள் சின்ன வயதில் ஒட்டிய பபுள்கம் கல்லாகிக் கிடந்தது. கிரைண்டருக்குப் பின்னால் சார்ஜர் ஒயர் பாகற்கொடி மாதிரி தொங்கியது. எனக்கே கடித்துப் பார்க்கலாம் போலிருந்தது. நிற்கும்போது மூக்குக்கே எட்டாத பினாயில் வாடை அங்கே குப்பென்று அடித்தது. ஒயர், பினாயில் எல்லாவற்றையும் பரணுக்கு ஏற்றினேன்.

உண்மையைச் சொன்னால், காவலுக்காக நான் நாய் தேடவில்லை. மகள் வேலூரில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபிறகு வீட்டில் சத்தமே இல்லை. மிக்சியை ஓடவிட்டால்தான் யாரோ இருப்பது போலிருக்கும். வீட்டுக்கார அக்கா பக்கத்திலேயே இருக்கிறார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், சாமை போடுகிறார், புளியமரங்களும் உண்டு. சில சாயங்காலங்களில் கிண்ணத்தில் சாமைச் சோறு கொண்டுவந்து வைத்து, “ஒருத்தருக்கு இன்னாத்துக்கு மேடம் அடுப்பு பத்த வெச்சிக்கினு?” என்பார். நல்ல மனசோடுதான் சொல்வார். அந்த ‘ஒருத்தர்’ மட்டும் அவர் போனபிறகும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நாய் வளர்க்க அவர் சம்மதித்தார், ஒரே நிபந்தனையோடு. அவருடைய கோழிகள் அவர் வீடு, என் வீடு என்று பேதம் பார்ப்பதில்லை.

“வளத்துக்கோங்க மேடம். ஆனா கோழி மேல வாய் வெச்சிச்சின்னா அன்னைக்கே இட்டுக்கினு போய் வுட்டுடணும். ஒரு தபா ருசி கண்டுச்சின்னா அப்பால நிறுத்தவே முடியாதுங்க.”

அதிலிருந்து எனக்கு இதே கவலை. செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒயர், செருப்பு, சாக்லெட் என்று ஆளாளுக்குப் பாடம் எடுத்தார்கள். கோழியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் வீட்டுக் கூடத்துக்குள் கோழி வராது போலிருக்கிறது.

என் கூடத்துக்குள் வந்தது. நான் தவழ்ந்துகொண்டிருந்தபோதே, குஞ்சுகளோடு. கோழியை வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன், இப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை. அந்த உயரத்தில் அது எவ்வளவு பெரிசு! ஒரு கண்ணால் பார்த்தது, தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. எதற்கு இரண்டு தடவை பார்க்கிறது என்று யோசித்து முடிப்பதற்குள் மூக்கிலேயே ஒரு கொத்து. என் அலறல் கேட்டு அக்கா ஓடிவந்தார்.

“இன்னா மேடம், கீழ இன்னா தேடுறீங்க?”

“நாய்க்குட்டிக்கு வீடு எப்படித் தெரியும்னு பாத்தேங்க்கா.”

அவர் என்னைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், உள்ளே போய் மஞ்சள் குழைத்து வந்து மூக்கில் அப்பினார். மறுநாள் மஞ்சள் மூக்கோடுதான் ஆபீசுக்குப் போனேன்.

போளூரில் தெரிந்தவர் வீட்டிலிருந்து குட்டியை ஒயர் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். மலைப்பாதை வளைவுகளில் நான்தான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தேன். அது கூடை ஓட்டை வழியாக ஊரை வேடிக்கை பார்த்தது. வீட்டில் இறக்கிவிட்டு, படுக்கைக்குச் சாக்கை மடித்து அதன்மேல் பழைய புடவையை விரித்துத் திரும்பினால் ஆளைக் காணோம். வாசலில் ஒரு கோழிக்குஞ்சின் முதுகில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டிருந்தது. எதிரே துடைப்பத்தோடு அக்கா அதையே பார்த்து நின்றார்.

தாய்க்கோழி பறந்து வந்தது. ஒரே கொத்து. குட்டி வீல் என்று கத்தி, என் கால்களுக்கு நடுவே புகுந்து, கட்டிலுக்கு அடியில் மூலைக்குப் போய்விட்டது. அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போனார்.

மூக்கை வைத்தது வாய் வைத்த கணக்கில் சேருமா? கேட்கத் தைரியமில்லை. கட்டிலுக்கு அடியில் நுழைந்து குட்டியின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அதன் மூக்கு நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு. “எனக்கும் இங்கதாண்டா,” என்று என் மூக்கைக் காட்டினேன். முகர்ந்து பார்த்தது. பிறகு தாடையை என் கைமேல் வைத்தது. இதைத் திருப்பிக் கொண்டுபோய் விட என்னால் முடியாது என்று நினைத்தபோதே, சேற்றோடு இரண்டு கால்கள் கூடத்தில் வந்து நின்றன. மெட்டி தெரிந்தது. முகம் தெரியவில்லை. கோபமா இல்லையா என்று கால்களை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு கை இறங்கி, குழைத்த மஞ்சளைக் கிண்ணத்தோடு தரையில் வைத்தது.

“அதுக்கு மூக்குல தடவுங்க. இனிமே கோழி இருக்குற பக்கமே தலை வெச்சிப் படுக்காது. சீக்கிரம் வெளில வாங்க, சோறு ஆறுது. ரெண்டு பேருக்கும் சேத்துதான் கொண்டாந்திருக்கேன்.”

உடனே வெளியே வரவில்லை. அழுதுகொண்டிருந்தேன். குட்டி மட்டும் சோற்று வாசனைக்கு எழுந்து போய்விட்டது.