என் மகள் எழுதிய என் பரீட்சை

நான் மயக்க மருந்து வைத்தியருக்குப் பக்கத்தில் நிற்கும் தாதி. சத்திரசிகிச்சை நடக்கும்போது மருந்துகளை அளந்து ஊசியில் எடுத்துக் கொடுப்பதும், மூச்சுக்கான குழாய்களை ஆயத்தமாக வைத்திருப்பதும், திரையில் ஓடும் இதயத்துடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பதும் என் வேலை. பழக்கத்தில் இப்படி எழுதிவிட்டேன். மூன்று மாதமாக அது என் வேலை அல்ல.

அந்த இடத்தில் நிற்பதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பதற்கு இத்தனை மணித்தியாலம் தொடர்கல்வி கற்றதாகக் காட்ட வேண்டும். கற்பது என்றதும் வகுப்பு, ஆசிரியர் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில், எங்கள் சொந்த நேரத்தில், கணினியின் முன் உட்கார்ந்து, தூங்கி வழியும் ஒரு குரல் வாசிக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போவது. கடைசியில் இருபது கேள்விகள். அதற்கும் கீழே ஒரு சிறிய கட்டம்: இதை நானே படித்து நானே விடையளித்தேன். அதில் சரி போட்டால் சான்று வந்து விழும். நாள் முழுக்கக் காலில் நின்றுவிட்டு நகருக்கு வெளியே ஸ்ரௌவ்விலில் இருக்கும் வீட்டுக்குக் கார் ஓட்டி வருகிற ஒருத்தியிடம், அவள் எதைக் கற்றாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. மணித்தியாலத்தைத்தான் கேட்டார்கள்.

நான் அந்த மணித்தியாலங்களை மகளிடம் கொடுத்தேன்.

இதைச் சொன்னால் புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்கள் யாரும் திடுக்கிட மாட்டார்கள். எங்கள் வீடுகளில் கடிதங்களும் விண்ணப்பங்களும் பிள்ளைகளின் வேலை. என் மகள் ஒன்பது வயதில் ரெலிபோன் கொம்பனியோடு நான்தான் பேசுவதுபோலக் கதைத்து, பழுதான இணைப்பைத் திருத்த வைத்தவள். பள்ளிச் சுற்றுலாவுக்கு என் சம்மதத்தைத் தானே எழுதி, கையெழுத்துக்கு மட்டும் என்னிடம் நீட்டியவள். எனக்கு ஆங்கிலம் தெரியாமல் அல்ல. இங்கே வந்து முதலிலிருந்து மறுபடியும் படித்து, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதித் தேறியவள் நான். முதலில் களைப்பினால்தான் அவளிடம் கொடுத்தேன். பிறகு வழக்கமாகிவிட்டது.

"அம்மா, நீங்கள் கறியைப் பாருங்கோ. இது ஜஸ்ற் கிளிக்கிங் தானே," என்றாள் முதல் தடவை. அப்போது அவளுக்குப் பதினாறு.

செய்யக் கொடுத்ததோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் அவள் எடுத்த புள்ளிகளைப் பார்த்தேன். தேறுவதற்கு எண்பது போதும். உடம்பில் ஓரிடத்தை மட்டும் மரக்க வைக்கும் விறைப்பூசி பற்றிய பாடத்தில் அவள் தொண்ணூறு எடுத்திருந்தாள்.

"மிச்சம் பத்தும் எங்க?" என்று கேட்டேன்.

"அம்மா, பாஸ் எண்பது. நான் நேர்ஸ்கூட இல்லை!"

"என்ர பேரில தொண்ணூறோ? ஆராவது பாத்தால் என்ன நினைப்பினம்?"

கண்ணை உருட்டிவிட்டு, முதல் பக்கத்திலிருந்து திரும்பவும் வாசித்தாள். இந்த முறை உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் வாசித்தாள். நூறு எடுத்தாள். நான் எழுதாத பரீட்சையில் நூறு எடுத்த பெருமையை, மோர்னிங்சைட்டில் இருக்கும் என் சிநேகிதிக்கு ரெலிபோனில் சொன்னேன். அவளும் தாதிதான்.

"உன்ர பெட்டை கெட்டிக்காரி. என்ர பெடியன் எனக்கு எண்பத்தைஞ்சு எடுத்துத் தந்திட்டு நிக்கிறான். நாலு நாள் அவனோட நான் கதைக்கேல்லை," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சில மாதங்களின் பின் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தோள்மூட்டுச் சத்திரசிகிச்சைக்கு ஒருவர் வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். தோளை விறைக்க வைப்பதற்காக வைத்தியர் கழுத்தடியில் ஊசி போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காதுக்குள் இரைகிறது என்றார் அவர். நாக்கில் இரும்பு ருசி என்று தொடங்கியவர் அதை முடிக்கவில்லை. உடம்பு வெட்டி இழுத்தது. திரையில் துடிப்பு சிதறியது. விறைப்பு மருந்து இரத்தத்தில் கலந்துவிட்டது.

மருந்தின் நஞ்சை இழுத்தெடுக்கப் பால்போல வெள்ளையான ஒரு கொழுப்புக் கரைசலை ஏற்றுவார்கள். அன்று என்னோடு நின்ற மற்றத் தாதி அதைக் கொளுவினாள். வைத்தியர் என்னிடம் அட்ரினலின் கேட்டார். நின்றுபோகும் இதயத்துக்கு இத்தனை வருடமாக எந்த அளவை எடுத்தேனோ அதையே எடுத்தேன். முழு அளவு. சந்தேகமே வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசியைக் குழாயில் பொருத்தும்போது மற்றத் தாதி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிலிப்பைன்ஸ்காரி. என் வயதில் பாதி.

"இதற்கு அந்த அளவு இல்லை. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு," என்றாள் ஆங்கிலத்தில். "பாடத்தில் இருந்ததே."

வைத்தியர் ஓம் என்று தலையாட்டினார். அவள் சொன்ன அளவுதான் உள்ளே போனது. அந்த மனிதரின் இதயம் திரும்பியது. நாலாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். என் ஊசி உள்ளே போகாததால் அது எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. வைத்தியர் எங்கள் இருவரையும் பாராட்டினார். இருவரையும்.

அன்று பின்னேரம் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் உடுப்புக்கூட மாற்றாமல் அவள் முன்னால் போய் நின்றேன்.

"விறைப்பூசி மருந்து ரத்தத்தில கலந்து இதயம் நிண்டால் அட்ரினலின் எவ்வளவு குடுக்கிறது?"

அவள் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "சின்ன டோஸ். ஒரு கிலோவுக்கு ஒரு மைக்றோகிராமுக்கு மேல போகக்கூடாது. கூடக் குடுத்தால் ஹார்ட் திரும்பி வாறது கஷ்டம். வை?"

நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

சான்றிதழைப் புதுப்பிக்க அந்த மாதக் கடைசிவரை தவணை இருந்தது. மணித்தியாலங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. நான் அழுத்தவில்லை. யாருக்கும் தெரியாமல் அந்தப் பாடத்தைப் படித்துவிடுவோம் என்று திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. நீங்கள் இதை முடித்துவிட்டீர்கள் என்றது திரை. மகள் செய்த பதினொரு பாடங்களும் அப்படியே பூட்டிக் கிடந்தன. மறுபடி திறக்க வேண்டுமானால் சான்றிதழ் வழங்கும் அலுவலகத்தை அழைத்துக் காரணம் சொல்ல வேண்டுமாம். படிக்காமல் போகிறவளிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. படிக்க வருகிறவள் காரணம் சொல்ல வேண்டும்.

"மறந்துபோச்சு எண்டு சொல்லுங்கோ. ரிவிஷன் எண்டு சொல்லுங்கோ," என்றாள் மகள். அதற்குள் அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தேன்.

அப்படிச் சொல்லத்தான் அழைத்தேன். மறுமுனையில் இருந்த பெண் மரியாதையாகவே கேட்டாள்: உங்கள் பெறுபேறு சரியாகப் பதியப்படவில்லையா?

"பதியப்பட்டிருக்கிறது. ஆனால் அதைச் செய்தது நானில்லை, என் மகள்," என்றேன்.

நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயம் என்பதே உண்மை. அடுத்த முறை என் மணிக்கட்டைப் பிடிக்க ஒருத்தி பக்கத்தில் இல்லாவிட்டால்? அந்த அலுவலகப் பெண், சொன்னதை எழுதி அனுப்பும்படி கேட்டாள்.

மகள் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"என்னையா சொன்னனீங்கள்?"

"உன்ர பேரைச் சொல்லேல்லை, பிள்ளை."

"உங்களுக்கு எத்தனை பிள்ளையள், அம்மா?"

எனக்கு இவள் ஒருத்திதான். பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிற வருடம் இது. தன்னைப் பற்றி எங்கேயோ எழுதி வைத்துவிட்டார்கள் என்று நம்புகிறாள். அப்படி எதுவும் நடக்காது என்று சொல்கிறேன். எனக்கே நிச்சயமில்லை. ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் இருவரும் ஒரே மாதிரித் திடுக்கிடுகிறோம்.

பதினொரு பாடங்களையும் செல்லாது என்று கழித்துவிட்டார்கள். சான்றிதழ் காலாவதியானது. இப்போது நான் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஒரு மேசையில் இருந்து, நாளைக்குச் சத்திரசிகிச்சை உள்ளவர்களை அழைத்து, இரவு பன்னிரண்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிட வேண்டாம் என்று சொல்கிறேன். மோர்னிங்சைட் சிநேகிதி ஒரு தடவைதான் அழைத்தாள். "நீ ஏன் வாயைத் திறந்தனீ? உன்னால இனி எங்கள் எல்லாரையும் தோண்டப்போறாங்கள்," என்றாள். உன் பாடங்களையாவது இப்போது படி என்று சொல்ல வாய்வரை வந்தது. ரெலிபோனை வைத்தேன்.

பாடங்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து நானே படிக்கிறேன். மெதுவாகத்தான் போகிறது. போன ஞாயிறு ஒரு படத்தில், எந்த நரம்பு எதற்கு மேலே ஓடுகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. மேலே தன் அறையில் இருந்த மகளைக் கூப்பிட்டேன். படியில் பாதி இறங்கி வந்து, திரையில் என்ன இருக்கிறது என்று தூரத்திலிருந்தே பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு விடை தெரிந்துவிட்டது; முகத்தில் கண்டேன்.

"நீங்களே வாசியுங்கோ அம்மா," என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஏறிப் போனாள்.