மச்சாள் வறுத்த பால்சுறா

அந்தப் பால்சுறா முழங்கை நீளம் இருக்கும். வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கி, பேப்பரில் சுற்றி பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது தட்டு வெறுமையாக இருந்தது. குசினியில் வெங்காயமும் பெருஞ்சீரகமும் வதங்கும் வாசனை. என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், சட்டியைக் கிளறிக்கொண்டு நின்றார்.

"பால் சுரக்கட்டும் எண்டுதானே வாங்கியந்தனீர்? அவிச்சு உதிர்த்து வறுத்திட்டன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கைக்குழந்தைக்காரி என்பது உண்மைதான். ஆனால் நான் பெண்கள் பள்ளியொன்றில் தற்காலிக விலங்கியல் ஆசிரியையும்கூட. மறுநாள் அங்கே கண்காட்சி. அதைப் பார்த்துத்தான் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா என்று அதிபர் முடிவெடுப்பதாக இருந்தது. ஒரு பாட்டுப் பறவையையும் ஒரு சுறாவையும் ஒப்பிடும் மேசை என்னுடையது. விஷயத்தைச் சொன்னதும் மச்சாள் அகப்பையைக் கீழே வைத்தார்.

பிறகு குப்பை வாளியைக் கிண்டித் தாடையையும் முதுகுத்தண்டையும் எடுத்துக் கழுவியவரும் அவர்தான். "இதெங்கை எலும்பு? காது மடல் மாதிரி வளையுது." அதைத்தானே நான் கண்காட்சி அட்டையில் பாடுபட்டு எழுதியிருந்தேன்: சுறா குருத்தெலும்பு மீன் வகுப்பு, குண்டுகரிச்சான் பறவை வகுப்பு, இரண்டும் முதுகெலும்பிகள் என்பதோடு சொந்தம் முடிந்தது.

மறுநாள் அதிபர், தாடைக்குப் பக்கத்தில் வைத்திருந்த அட்டையின் கடைசி வரிகளில் விரல் வைத்தார். குண்டுகரிச்சான், கவலைப்படத் தேவையில்லாத இனம். பால்சுறா, அழியும் ஆபத்தை நோக்கிப் போகும் இனம்.

"அப்ப ஏன் இதை வாங்கினீங்க, மிஸ்?"

என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்காட்சிக்குக் கூட வந்திருந்த மச்சாள் முந்திக்கொண்டார். "சமைச்சது நான், மெடம். எங்கட ஆக்கள் பிள்ளை பெத்தவைக்கு இதைத்தான் குடுக்கிறது. நானும் ரெண்டு பிள்ளைக்கும் திண்டனான். முந்திச் சந்தையில குவிஞ்சு கிடக்கும், இப்ப தேடவேணும். குருவியை ஆர் கறி வைக்கினம்? அது பாட்டுக்கு யன்னலில இருந்து பாடுது."

அதிபர் என்னைப் பார்த்தார். "நீங்களும் சாப்பிட்டீங்களா?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். "ஓம், மெடம். ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டனான்."

அப்போதுதான் அவர் சிரித்தார். "திங்கட்கிழமை நியமனக் கடிதம் தாறன். முதல்ல அட்டையை நேர்மையா முடியுங்க."

ஆபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் 'மீன்பிடி' என்று மட்டும் எழுதியிருந்தேன். பேனையை எடுத்து, பக்கத்தில் சேர்த்தேன்: 'நானும் மச்சாளும்.'