வசனம் இல்லாத இடங்கள்

காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. நாலு மாதமாகியும் எனக்கு அழுகை வரவில்லை. திருவொற்றியூர் வீட்டில் உட்கார்ந்து, வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதும் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் நாத்தனார் தேவிக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் காது போய்விட்டது, பேச்சு உண்டு. தன் அண்ணன் கடைசியாகப் படகிலிருந்து எனக்கு அனுப்பிய வீடியோவில் என்ன பேசினார் என்று கேட்டாள். அவர் பேசியதை வீடியோவின் கீழே எழுத்தாகப் போட்டுக் கொடுத்தேன்.

பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணி, நடுவுல அண்ணன் திரும்பிச் சிரிக்குதே, அது இன்னாத்துக்கு? அங்க நீ ஒண்ணுமே எழுதலியே?"

சப்டைட்டில், காது கேட்டும் மொழி தெரியாதவர்களுக்கு. பேச்சு மட்டும் போதும். கேட்காதவர்களுக்கு எழுதுவது கேப்ஷன். அதில் சத்தங்களும் வர வேண்டும். என் தொழிலே இதுதான். ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீடியோவை மறுபடி ஓடவிட்டேன். யாருடைய வீடியோவோ போல எழுதிக்கொண்டே போனேன். 'இன்ஜின் இரைச்சல்.' 'பின்னாலிருந்து ஒருவர்: இன்னா மாமு, வூட்டு நெனப்பா?' 'சிரிக்கிறார்.' 'இருமுகிறார்.'

தேவி கடைசி வரியில் விரலை வைத்தாள். "இன்னும் அந்த இருமல் போவலியா அண்ணி?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அந்த வீடியோவை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவர் இருமியது அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது.