ஓடாத காருக்கு ஆயில்

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்கு அலாரம் கிடையாது. அன்றைக்கும் விடிந்ததும் விடியாததுமாகப் பக்கத்துக் கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

“இன்னாமே, முழிச்சிட்டியா? வண்டிக்கு ஆயில் மாத்துற மாசம் வந்துடுச்சி.”

சுவர் பக்கம் திரும்பிப் படுத்தேன். பொத்தேரியில் மாணவியர் விடுதி ஒன்றின் அலுவலகத்தில் எனக்கு வேலை. அட்மிஷன் நேரம். அறையை மாற்றித் தரச் சொல்லும் அப்பாக்களோடும், பிள்ளையை விட்டுப் போக மனமில்லாமல் அழுகிற அம்மாக்களோடும் வாரம் முழுக்கப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. செங்கல்பட்டுக்குத் திரும்பி வீட்டுக்கு வந்தால் அவரைக் குளிப்பாட்ட வேண்டும், கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், சமைக்க வேண்டும். இதற்கு நடுவில் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆயில்.

“அடுத்த வாரம் பாத்துக்கலாங்க.”

“போன வாரமும் இதையேதான் சொன்ன.”

எழுந்துவிட்டேன். மறுத்துப் பேசுவதைவிட எழுந்து போவது சுலபம்.

எங்கள் வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது என்றால் என் அலுவலகத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். அவருடையது திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பம். சேற்றில் இறங்கப் பிடிக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் கார் ஓட்டினார். பிறகு சொந்தமாகச் சில கார்களை வாங்கி டிரைவர்களை வைத்தார். அப்போதும் ஒரு டிரைவர் வரவில்லையென்றால் இவரே கிளம்பிவிடுவார். பின்சீட்டில் யாராவது ஒருவர் உட்கார்ந்து ஏசியைக் கூட்டு, பாட்டை நிறுத்து, சீக்கிரம் போ என்று சொல்லிக்கொண்டே வர, அவருடைய காலம் அப்படியே ஓடிப்போனது.

ஒரு நாள் கருநீல நிறத்தில், தரையோடு தரையாகப் படுத்துக் கிடப்பதுபோல் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கேட்டேன்.

“இன்னாங்க இது, பின்னாடி சீட்டே காணோம்?”

“அதுக்குத்தாமே வாங்கினேன். ரெண்டே சீட்டு. எவனும் சவாரிக்குக் கூப்புட மாட்டான்.”

காலையில் சாலை காலியாக இருக்கும்போது மாமல்லபுரம் வரைக்கும் போய், நாஸ்தாவை முடித்துக்கொண்டு திரும்புவார். தனியாகத்தான் போவார். எனக்கு அந்த நேரத்தில் அடுப்பு வேலை. ஒரு வருடம்கூட அப்படி ஓட்டியிருக்க மாட்டார். பல் துலக்கப் போனவர் குளியலறையில் சரிந்தார். பக்கவாதம். பேச்சு கொஞ்சம் குழறலோடு மீண்டது. இடது கையும் இடது காலும் மீளவில்லை. கியர் போடுகிற கை, கிளட்ச் மிதிக்கிற கால்.

சவாரிக் கார்களை ஒவ்வொன்றாக விற்றோம். ஒரே ஒரு பழைய காரை வீட்டுக்கென்று வைத்துக்கொண்டோம். ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. திரும்பவும் ஓட்டுவேன் என்று அவர் நம்பிக்கொண்டிருந்ததாக நினைத்தேன். அதைக் கலைக்க எனக்குத் துணிவில்லை. ஓடாவிட்டாலும் ஆயில் மாற்றியே ஆக வேண்டும் என்பார். “நின்னுகினு கீற வண்டிக்குத்தான் ஆயில் சீக்கிரம் கெட்டுப்பூடும்.” சரியோ தப்போ, கல்யாணமான புதிதில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அதனால் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது.

உறையை நீக்கி, கிளம்ப மறுத்த பேட்டரிக்கு உயிர் கொடுத்து, பிறகு அவரை ஏற்றுவதுதான் பெரும்பாடு. முழங்கால் உயரம்கூட இல்லாத சீட். என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்புறமாகச் சாய்வார். பாதி சாய்ந்ததும் அவர் எடை முழுக்க என் இடுப்பில் இறங்கும். பிறகு இடது காலைத் தூக்கி உள்ளே வைத்து, செருப்பைத் தேடி மாட்டி, பெல்ட்டைப் போட்டுவிட்டு நான் சுற்றிவந்து உட்காரும்போது பிளவுஸ் நனைந்து ஒட்டியிருக்கும்.

திருக்கழுக்குன்றம் சாலையில் ஒவ்வொரு வேகத்தடையிலும் காரின் அடிவயிறு உரசும்.

“க்ராஸா ஏத்து, க்ராஸா! நேரா ஏத்தாதமே!”

“க்ராஸாத்தான் ஏத்துறேன்.”

அன்றைக்கும் பைக்கில் போன ஒருவன் பக்கத்திலேயே வந்து போனில் படம் பிடித்தான். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் கை காட்டினார்கள். அவர்கள் கண்ணுக்கு நாங்கள் ஜாலியாக ஊர் சுற்றக் கிளம்பிய ஜோடி.

மாமல்லபுரத்துக்குள் நுழையும் முன், சிற்பக் கூடங்களுக்கு நடுவே இருக்கிறது அந்த ஒர்க்‌ஷாப். கல் செதுக்கும் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். மெக்கானிக் துபாயில் வேலை பார்த்துத் திரும்பியவர், வாய் ஓயாதவர். எங்களைக் கண்டதும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வா அண்ணாத்த! அண்ணி, இன்னா இப்படி எளைச்சிட்டீங்க?”

நான் சிரித்து வைத்தேன். கார் லிஃப்டில் மேலே ஏறியது. அடியில் இருந்த மூடியைக் கழற்றி, ஆயில் வடிக்கும் நட்டைத் திருகியதும் பழைய ஆயில் இறங்கியது. மெக்கானிக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். தட்டில் விழுந்தது தேன் நிறத்தில் இருந்தது.

“அண்ணாத்த, இன்னா இது? ஊத்தினது ஊத்தினாப்புலயே கீது. கறுக்கவே இல்ல. வண்டியத் தொடவே இல்லியா?”

வீட்டுக்காரர் வலது கையை நீட்டினார். மெக்கானிக் தட்டை அருகில் கொண்டுவந்தார். இவர் ஒரு விரலால் ஆயிலைத் தொட்டு, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்து, மோந்து பார்த்தார். அந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“புதுசு ஊத்து,” என்றார்.

அந்த வேட்டிக் கறையை யார் துவைப்பது என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது. அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன்.

வேலை முடிந்து திரும்ப அவரை ஏற்றி, வெளியே வந்து செங்கல்பட்டுப் பக்கம் திருப்பினேன்.

“வூட்டுக்கு வேணாம்மே. கடல் பக்கம் வுடு.”

“துணியெல்லாம் ஊறப் போட்டுட்டு வந்திருக்கேங்க.”

“கொஞ்ச நேரம்.”

வண்டியைத் திருப்பினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஒரு மீனவக் குப்பத்துக்குள் போகும் பாதை, மணலில் போய் முடிந்தது. அதற்கு மேல் போனால் இந்தக் கார் புதைந்துவிடும். அவரால் இறங்கவும் முடியாது. படகுகளுக்கு நடுவில் ஒரு துண்டு கடல் தெரிந்தது. எஞ்சினை அணைத்தேன். அந்த அமைதியில் எனக்குள் என்னவோ உடைந்துவிட்டது.

“எனக்கு முடியலீங்க,” என்றேன். “இந்தக் கிளட்ச மிதிச்சி மிதிச்சி மூட்டு போச்சி. உங்கள ஏத்தி எறக்கி இடுப்பு போச்சி. ஒரு ஞாயித்துக்கெழம தூங்க முடியல. யாருக்காக இந்த ஆயில்? நீங்க இனிமே இத ஓட்டப் போறதில்ல.”

சொல்லிவிட்டேன். அத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்ததை அவ்வளவு சத்தமாக, கண்ணாடியை இறக்கிய காரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும்மே. ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தப்பவே தெரியும்.”

“அப்புறம் எதுக்குங்க இந்தப் பேஜாரு?”

வார்த்தைகளைச் சேர்க்க அவருக்கு நேரம் பிடித்தது.

“வூட்ல நீ எப்பவும் என் முதுகுக்குப் பின்னாடி நிப்ப. இல்லாட்டி தலைமாட்டுல நிப்ப. தூக்கிவுட, தொடச்சிவுட. இதுல ஏறினாத்தான் பக்கத்துல ஒக்காந்துகினு வர. அதுக்கு ஒரு சாக்கு வேணும்ல?”

நான் உருகிவிட்டேன் என்று எழுதினால் பொய். முதலில் கோபம்தான் வந்தது.

“அத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல? பக்கத்துல ஒக்கார இதுதானா வண்டி? அந்தப் பழைய கார்ல சீட்டு இல்லியா?”

“இன்னான்னு கேக்கறது? நீயே அலுத்துப்போய் வர. சும்மா இட்டுனு போன்னா, திட்டுவ.”

திட்டித்தான் இருப்பேன். அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கருவாட்டுப் பெண் காரருகில் வந்து குனிந்தாள்.

“இன்னாம்மா, வண்டி மக்கர் பண்ணுதா? ஆளுங்கள இட்டாரவா, தள்ளிவுட?”

“இல்லம்மா. வண்டி நல்லாத்தான் இருக்கு.”

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். “எம்மாந் துட்டு வண்டி! ஒரு மீன் கூடைய வைக்க எடம் கீதா இதுல?”

அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும் சிரிப்பு. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பு வந்தது. அவளிடம் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு வாங்கினோம். வீடு வரும்வரை கார் முழுக்க அந்த வாடைதான்.

வழியிலேயே அவர் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, ஸ்போர்ட்ஸ் காரை வாங்க ஆள் இருந்தால் பார்க்கச் சொன்னார். சில வாரங்களில் சென்னையிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். சாவியை என் வீட்டுக்காரரே அவர்கள் கையில் கொடுத்தார். வேகத்தடையை எப்படி ஏற்ற வேண்டும், எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று குழறிக் குழறி விளக்கினார். அந்தப் பையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கார் தெருமுனையில் திரும்பி மறைந்ததும் என்னிடம் டீ கேட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே வாசல் வெறிச்சென்று இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தால் பழைய காரில் போகிறோம். அந்தச் சீட் அவருக்குச் சரியான உயரம். கதவைப் பிடித்துக்கொண்டு பாதி அவரே ஏறிவிடுகிறார். அதிகம் பேசுவதில்லை. எங்கேயாவது நிறுத்தி டீ குடிப்போம், சில நாள் ஏதாவது ஒன்றுக்குச் சண்டை போட்டுக்கொண்டு திரும்புவோம். என்னால் முடியாத வாரங்களில் முடியவில்லை என்று சொல்கிறேன். அவரும் வற்புறுத்துவதில்லை.

போன ஞாயிறு சாப்பாட்டுக்குப் பின் கிளம்புவதாக இருந்தோம். புடவை மாற்றி, சாவியை எடுத்துக்கொண்டு, அவருக்குச் சட்டை போட்டுவிட அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டேன். அவரும் எழுப்பவில்லை, பக்கத்தில் தூங்கியிருக்கிறார். விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது.

“நாளைக்கு ஆபீசு கீதா?” என்று கேட்டார்.

எழுந்து போகாமல் அவர் பக்கத்திலேயே படுத்தபடி, இருக்கிறது என்றேன்.